மணமுறிவுகள் பெருகுவது ஏன்?

'திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர்' என்பது எமது சமூகத்தில் தொன்றுதொட்டு வழங்கிவரும் வாக்காகும். மணமக்களை வாழ்த்த வருவோர் இன்றும் அதனைத் தவறாது கூறிச் செல்கின்றனர். ஆனால், அப்பயிர் பல வீடுகளில் ஒரு சில ஆண்டுகளுக்குள்ளேயே வாடிப்போவதை நாம் அன்றாடம் காண்கின்றோம். கொழும்பு போன்ற பெருநகரங்களில் மாத்திரமன்றி, ஒரு தலைமுறைக்கு முன்னர் விவாகரத்து என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கூட அச்சொல் இன்று பழகிப்போன ஒன்றாகிவிட்டது. காதி நீதிமன்றங்களை நாடிச் செல்லும் முஸ்லிம் தம்பதியரைப் பற்றியும் இத்தகைய கவலை அச்சமூகத்தின் பெரியோர்களால் வெளியிடப்பட்டு வருகின்றது.

இதற்கான காரணத்தை வினவினால் உடனடியாகச் சில பதில்கள் கிடைக்கின்றன. மேலைத்தேயக் கலாசாரம், பெண்கள் படித்துத் தொழில் பார்ப்பது, தொலைக்காட்சித் தொடர்கள், கைத்தொலைபேசி, சகிப்புத்தன்மை அற்றுப்போன இளைய தலைமுறை என்று அப்பட்டியல் நீளுகின்றது. இவை கூறுவதற்கு இலகுவான காரணங்களாகும். இவற்றுள் சிலவற்றில் ஓரளவு உண்மை உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. எனினும், நோயின் மூலத்தை அறியாது அதன் அறிகுறிகளை மாத்திரம் ஏசிக்கொண்டிருப்பதனால் பயன் ஏதும் விளையப்போவதில்லை. ஆகவே, இவ்விடயத்தைச் சற்று ஆழமாக நோக்குவது அவசியமெனக் கருதுகின்றோம்.

மணமுறிவு புதியதா?

முதலில், மணமுறிவு என்பது மேற்கிலிருந்து எமக்கு வந்துசேர்ந்த ஒன்று என்ற எண்ணத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும். 1660 ஆம் ஆண்டில் சிறைப்பிடிக்கப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681 இல் லண்டனில் வெளியிட்ட தமது நூலில் அங்கு கணவனும் மனைவியும் மனம் ஒவ்வாதபோது பிரிந்து சென்று வேறு மணம் புரிந்துகொள்வது சாதாரணமாக நிகழ்ந்தது என்று வியப்புடன் பதிவு செய்துள்ளார். அவருடைய வியப்புக்குக் காரணம் உண்டு. அவர் பிறந்த இங்கிலாந்தில் அக்காலத்தில் சாதாரண மனிதர் எவரும் விவாகரத்துப் பெறுவது இயலாத காரியமாக இருந்தது. 1857 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அங்கு முழுமையான விவாகரத்தைப் பெறுவதற்குப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமூலம் ஒன்றே நிறைவேற்றப்பட வேண்டியிருந்தது. செல்வந்தர்களால் மாத்திரமே அதற்குரிய செலவைத் தாங்க முடிந்தது. கண்டிய மக்களிடையே நிலவிய இலகுவான மணமுறிவைக் கட்டுப்படுத்துவதற்கு 1859 இல் சட்டம் கொண்டுவந்தவர்களும் ஆங்கிலேய ஆட்சியாளர்களே.

இஸ்லாத்தை எடுத்துக்கொண்டால், திருமணம் தொடக்கம் முதலே இரு தரப்பினருக்கிடையிலான ஓர் ஒப்பந்தமாக வகுக்கப்பட்டுள்ளது. பிணக்கு ஏற்படின் இரு குடும்பங்களிலிருந்தும் நடுவர்களை நியமித்து இணக்கத்திற்கு முயல வேண்டும் என்றும், அதுவும் கைகூடாதபோதே பிரிவு என்றும் அதன் ஒழுங்கு அமைந்துள்ளது. பிரிவை வெறுக்கத்தக்கதாகக் கருதிய அதேவேளை, தவிர்க்க முடியாத சூழலில் அதற்கு வழியை அடைக்காமல் விட்டதே அங்கு கவனிக்கத்தக்கது.

தமிழ்ச் சமூகத்தில் மணமுறிவு அரிது என்றே நாம் பெருமையுடன் கூறி வந்துள்ளோம். அவ்வாறாயின், 'வாழாவெட்டி' என்ற கொடுஞ்சொல்லை எமது மொழி எதற்காக உருவாக்கிக் கொண்டது? கணவனால் கைவிடப்பட்டோ, கணவனின் கொடுமை தாளாமலோ தாய்வீடு திரும்பிய பெண்ணைக் குறிப்பதற்கே அச்சொல் வழங்கியது. கணவன் வேறொரு பெண்ணுடன் வேறோர் ஊரில் குடும்பம் நடத்த, மனைவியோ கழுத்தில் தாலியுடன் தமையன் வீட்டு அடுப்படியில் எஞ்சிய காலத்தைக் கழித்தாள். அந்த மணவாழ்வு முறிந்துவிட்டது என்பதை ஊர் அறிந்திருந்தது. ஆனால் எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் அது இடம்பெறவில்லை. இன்று அதே நிலையிலுள்ள பெண், வழக்குத் தொடுக்கின்றாள். முன்னர் வீட்டுக்குள் மறைந்திருந்த முறிவு இன்று வழக்கேட்டில் பதிவாகின்றது. பெருகிவிட்டதாக நாம் காண்பவற்றில் ஒரு பகுதி இவ்வாறு வெளிவந்தவையே என்பதை மறந்துவிடலாகாது.

நீண்டுவிட்ட ஆயுள், மாறிவிட்ட குடும்பம்

இவ்வாறு கூறுவதன் மூலம் உண்மையில் மாற்றம் எதுவும் நிகழவில்லை என்று நாம் வாதிடவில்லை. மாற்றம் நிகழ்ந்துள்ளது. அது திருமணத்தின் அடித்தளத்திலேயே நிகழ்ந்துள்ளது.

1946 ஆம் ஆண்டளவில் இலங்கையரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 45 வயதை எட்டியிருக்கவில்லை. மலேரியாவும் பிரசவ மரணமும் பல மணவாழ்வுகளை இடைநடுவில் முடித்து வைத்தன. இன்று அவ்வெல்லை 75 வயதைத் தாண்டியுள்ளது. 25 வயதில் மணம் புரியும் இருவர் அரை நூற்றாண்டு காலம் ஒருவரோடொருவர் வாழ வேண்டியவர்களாக உள்ளனர். முற்காலத்தில் ஐந்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பதிலேயே மணவாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கான சராசரிப் பிள்ளைகளின் எண்ணிக்கை 2.2 ஆகக் குறைந்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின்னரும் கணவனும் மனைவியும் தனித்து வாழவேண்டிய ஆண்டுகள் பலவாகிவிட்டன. இத்துணை நீண்ட காலத்திற்கு இருவரையும் இணைத்து வைப்பதற்கு வெறும் கடமையுணர்வு மாத்திரம் போதுமானதாக இருப்பதில்லை.

அடுத்ததாக, குடும்பத்தின் பொருளாதாரம் மாறிவிட்டது. வயலும் தோட்டமும் கடலும் வாழ்வளித்த காலத்தில் குடும்பமே ஒரு தொழிற்கூடமாக இருந்தது. ஆண் உழுதான், பெண் நாற்று நட்டாள், பாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அதிலிருந்து பிரிந்து செல்வதென்பது பிழைப்பை இழப்பதாகும். இன்று சம்பளம் தனியாளுக்கு வழங்கப்படுகின்றது. வங்கிக் கணக்கும் தனியாள் பெயரிலேயே உள்ளது. பிரிந்து சென்றாலும் உயிர்வாழலாம் என்ற நிலை ஆணுக்கு என்றோ இருந்தது. பெண்ணுக்கு அது அண்மைக் காலத்திலேயே, அதுவும் அரைகுறையாகவே வாய்த்துள்ளது.

பெண்கள் படித்துவிட்டதனாலேயே குடும்பங்கள் பிரிகின்றன என்ற கூற்றை இவ்விடத்தில் நோக்குதல் பொருந்தும். 1940களில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக இன்று எமது பல்கலைக்கழக மாணவருள் அரைவாசிக்கும் அதிகமானோர் பெண்களாக உள்ளனர். எனினும், நாட்டின் பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் இணைந்துள்ளனர். அதாவது, பெரும்பாலான மனைவியர் இன்றும் கணவரின் வருமானத்தையே நம்பி வாழ்கின்றனர். கல்வியோ தொழிலோ நல்லதொரு மணவாழ்வைக் குலைப்பதில்லை. ஏற்கனவே சிதைந்துபோன மணவாழ்விலிருந்து வெளியேறுவதற்கான துணிவை அவை ஒரு சிலருக்கு வழங்குகின்றன. இவ்விரண்டும் வேறு வேறானவை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டில் மேற்கொண்ட பெண்கள் நல்வாழ்வு பற்றிய ஆய்வில், வாழ்க்கைத் துணையுடன் வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் தமது வாழ்நாளில் அத்துணையினால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உள்ளானமை தெரியவந்தது. ஐந்து வீடுகளில் ஒரு வீடு என்பது சாதாரண விடயமன்று. 'கல்லானாலும் கணவன்' என்று கூறி அப்பெண்ணை அவ்வீட்டிற்கே திருப்பி அனுப்பியதைத்தான் குடும்பத்தின் உறுதி என்று நாம் இதுவரை எண்ணியிருந்தோமா என்பதை மனச்சாட்சியுடன் சிந்திக்க வேண்டும். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டமும், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் வந்த பின்னர், தனக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை அத்தகைய பெண்கள் மெல்ல மெல்ல அறிந்து வருகின்றனர்.

புதிய எதிர்பார்ப்பும் பழைய ஏற்பாடும்

மணமுறிவுக்கான காரணங்களுள் மிக முக்கியமானது, திருமணத்திடம் மனிதர் எதிர்பார்ப்பது மாறிவிட்டமையாகும். முன்னர் திருமணம் இரு குடும்பங்களை இணைக்கும் ஏற்பாடாக இருந்தது. கணவன் உழைத்துப் போட வேண்டும். மனைவி வீட்டைப் பார்க்க வேண்டும். வம்சம் தழைக்க வேண்டும். இவை நிறைவேறினால் அது நல்ல திருமணம். இன்றைய இளம் கணவனும் மனைவியும் இவற்றுக்கு மேலாகத் தோழமை, அன்பு, மரியாதை, மனம்விட்டுப் பேசக்கூடிய உறவு ஆகியவற்றையும் எதிர்பார்க்கின்றனர். இவ்வெதிர்பார்ப்பு தவறானதன்று. உண்மையில் அது முன்னேற்றமே.

ஆனால், எதிர்பார்ப்பு மாறிய அளவிற்குத் திருமணத்தை நிச்சயிக்கும் முறை மாறவில்லை. சாதகப் பொருத்தம், சாதி, சீதனம், காணி, தொழில், வெளிநாட்டு விசா ஆகியவற்றை மாதக்கணக்கில் அலசி ஆராயும் பெற்றோர், இருவரின் மனப்போக்கும் பொருந்துமா என்று அறிவதற்கு அரைமணி நேரம் ஒதுக்குவதில்லை. முஸ்லிம் சமூகத்தில் மணமகன் வழங்க வேண்டிய மஹர் பெயரளவினதாகச் சுருங்கிவிட, பெண் வீட்டார் வழங்கும் கைக்கூலியே பேச்சுவார்த்தையின் மையமாகிவிட்டதாக அச்சமூகத்தின் அறிஞர்களே வருந்துகின்றனர். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணம் முடித்து வைப்பது வழக்கம். தந்தை வெளிநாட்டில் உழைத்தும், தாய் கடன்பட்டும் எழுப்பிய அவ்வீட்டில், மணமகனின் குணம் பற்றி யாரும் போதியளவு விசாரிக்காத ஒருவர் குடிபுகுகின்றார். தோழமையை எதிர்பார்த்து நுழையும் இருவரைக் கொடுக்கல் வாங்கல் கணக்கின் மீது அமர்த்தினால், கணக்கு பிழைக்கும்போது உறவும் பிழைத்துவிடுகின்றது.

முன்னைய காலத்தில் இத்தகைய பிணக்குகளைத் தீர்த்து வைப்பதற்கு ஆட்கள் இருந்தனர். மாமன், பெரியப்பா, ஊர்ப் பெரியவர், பள்ளிவாசல் நிர்வாகி, பங்குத் தந்தை என எவரேனும் ஒருவர் இருவரையும் அழைத்துப் பேசினார். அவர்களின் தீர்ப்பு பெரும்பாலும் பெண்ணைப் பொறுத்துப் போகச் சொல்வதாகவே இருந்தது என்பது உண்மைதான். ஆயினும் கோபம் தணிவதற்கு அது அவகாசம் அளித்தது. மூன்று தசாப்தப் போரும் இடப்பெயர்வும் வடக்கு, கிழக்கில் இந்த உறவு வலையைச் சிதறடித்துவிட்டன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் புத்தளத்திலும் பிற இடங்களிலும் பழைய அயலவரின்றியே வாழ்வைத் தொடங்க வேண்டியேற்பட்டது. நகரத்து வாடகை வீட்டில் தனித்து வாழும் தம்பதியருக்கோ சண்டையின் இரைச்சலைக் கேட்பதற்குக் கூட ஒருவர் இல்லை.

இதனுடன் மதுவும் கடனும் சேர்ந்துகொள்ளும்போது நிலைமை மேலும் மோசமடைகின்றது. போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் பரவிய நுண்கடன், தவணை அறவிட வருவோரின் அவமதிப்பை நாள்தோறும் வாசலுக்குக் கொண்டுவந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வருமானத்தின் பெறுமதியைப் பாதியாக்கியபோது, எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியாமையே முதற் சண்டைக்குக் காரணமாயிற்று.

கடல் கடந்த மணவாழ்வு

எமது சமூகங்களுக்கே உரிய மற்றொரு காரணம் தூரமாகும். 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற ஆண்களும் பெண்களும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து செல்லும் விருந்தினராகவே தமது குடும்பங்களில் வாழ்ந்து வருகின்றனர். நெருக்கடி உச்சமடைந்த 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்திற்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்பிற்காகப் புறப்பட்டுச் சென்றனர். பணம் வந்து சேருகின்றது. ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் வாழப் பழகிவிடுகின்றனர். அனுப்பிய பணம் எங்கே என்ற கேள்வியும், அயலார் கூறும் கதைகளும், கைத்தொலைபேசியின் வழியே வளரும் சந்தேகமும் எஞ்சியதை அரித்துவிடுகின்றன.

இதில் பழி சுமத்தப்படுபவள் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றாள். சிறு பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாடு செல்வதற்கு 2013 இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. 2022 இல் அது தளர்த்தப்பட்டது. தந்தையருக்கு அத்தகைய நிபந்தனை என்றுமே இருக்கவில்லை.

புலம்பெயர் நாடுகளில் வாழும் மணமகனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் வேறொரு விதமான முறிவை உருவாக்கியுள்ளது. புகைப்படத்தையும் காணொளி உரையாடலையும் நம்பி நிச்சயிக்கப்பட்டு, இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ சில நாட்களில் நடந்து முடியும் திருமணங்கள் பல. அதன் பின்னர் விசாவுக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது. சேர்ந்து வாழத் தொடங்கிய பின்னரே இருவரும் ஒருவரையொருவர் முதன்முறையாக அறிந்துகொள்கின்றனர். அந்நிய நாட்டில் மொழியறியாத பெண்ணுக்கு விசாவே விலங்காகிவிடும் ஆபத்தும் உண்டு. கனடா 2012 இல், வாழ்க்கைத் துணையாக வருவோர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்டுவந்து, கொடுமைக்குள்ளானோர் வெளியேற அஞ்சுவதற்கு அது இடமளிக்கின்றது என்ற விமர்சனத்தின் பின்னர் 2017 இல் அதனை நீக்கியமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

சட்டம் செய்யும் காயம்

மணமுறிவுக்கான காரணங்கள் இவ்வாறிருக்க, முறிந்த உறவைச் சட்டம் எவ்வாறு கையாள்கின்றது என்பதும் ஆராயப்பட வேண்டும். இலங்கையில் இதற்கு ஒரே சட்டம் இல்லை. பொதுச் சட்டம், கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் என மூன்று வழிகள் வகுக்கப்பட்டுள்ளன.

தமிழர் அனைவரின் விவாகரத்தும் பொதுச் சட்டத்தின் கீழேயே வருகின்றது. 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களை வகுத்தது. திருமணத்தின் பின்னர் பிறருடன் தகாத உறவு கொள்ளுதல், கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமணத்தின் போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை என்பனவே அவை. இவற்றுள் கொடுமை என்பது தனிக் காரணமாக இடம்பெறவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அடி தாங்காது வீட்டை விட்டு வெளியேறிய மனைவி, தன்னை வெளியேறச் செய்ததன் மூலம் கணவனே தன்னைக் கைவிட்டான் என்று சுற்றி வளைத்து நிரூபிக்க வேண்டியவளாகின்றாள். இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் அதற்கென நேரான வழி வகுக்கப்படவில்லை. எவரேனும் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். ஆகவே, மனமொத்தவர்கள் தமக்குள் பேசி ஒருவர் பழியை ஏற்றுக்கொள்ளும் நாடகம் அரங்கேறுகின்றது. மனமொவ்வாதவர்களோ பிள்ளைகளும் அயலவரும் அறிய ஒருவர் மீது ஒருவர் சேற்றை வாரி இறைக்கின்றனர். ஆண்டுகள் பல இழுபட்டு வழக்கு முடிவுறும்போது, பிள்ளைகளின் பொருட்டேனும் பேசிக்கொள்ளக்கூடிய சிறு உறவும் அழிந்துவிடுகின்றது.

இதே நாட்டில், 1952 ஆம் ஆண்டின் கண்டியத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணம் புரிந்தவர்கள் பரஸ்பர சம்மதத்துடன் மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெற முடியும். அண்டை நாடான இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976 இல் செய்யப்பட்ட திருத்தம் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வழி செய்தது. இலங்கைத் தமிழருக்கு அவ்வழி ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பது நியாயமான கேள்வியாகும்.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் நிலை மேலும் சிக்கலானது. அவள் தனது பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்பதற்கு 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கணவனின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கோருகின்றது. கணவன் கைவிட்டுச் சென்று பத்தாண்டுகள் கழிந்தாலும், திருமணம் சட்டப்படி நீடிக்கும்வரை அவள் அச்சம்மதத்தைத் தேட வேண்டும். அல்லது நீதிமன்ற அனுமதியைப் பெற வேண்டும். தன் சீதனக் காணியை விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்க விரும்பும் பெண் விவாகரத்து வழக்குத் தொடுப்பதைப் பார்த்து, காலம் கெட்டுவிட்டது என்று நாம் கூறலாமா?

முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. கணவன் தலாக் கூறுவதற்கு காதியாருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். காதியார் இணக்கத்திற்கு முயல வேண்டும். குறித்த கால இடைவெளிகளின் பின்னரே அது முற்றுப்பெறும். எனினும், கணவன் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. மனைவி பஸஹ் கோரினாலோ கணவனின் குற்றத்தைச் சாட்சிகளுடன் நிரூபிக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த கொடுமைக்குச் சாட்சியை எங்கிருந்து அழைத்து வருவது? இது மார்க்கத்தின் குறையன்று, நடைமுறையின் குறை என்று முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாக எடுத்துக் கூறி வந்துள்ளன. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் நியமிக்கப்பட்ட குழு தனது அறிக்கையை 2018 இலேயே கையளித்தது. அப்போதும் உறுப்பினர்களிடையே முக்கிய விடயங்களில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. அறிஞர்கள் விவாதித்த அந்த ஒன்பது ஆண்டுகளிலும் காதி நீதிமன்ற வாசல்களில் தாபரிப்புக்காகக் காத்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டனர்.

பிற நாடுகள் தரும் பாடம்

சட்டத்தை இலகுவாக்கினால் எல்லோரும் விவாகரத்துக் கோரிப் புறப்பட்டுவிடுவார்கள் என்ற அச்சம் எம்மவரிடையே உண்டு. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் குற்றம் நிரூபிக்கத் தேவையற்ற விவாகரத்தை 1970 இல் நடைமுறைப்படுத்தியதைத் தொடர்ந்து ஏனைய மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 1980 ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஆயிரம் பேருக்கு 5 இற்கும் அதிகமான விவாகரத்துகள் நிகழ்ந்தன. ஆனால் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. அவ்வீதம் படிப்படியாகக் குறைந்து 2022 இல் 2.5 இற்கும் கீழே இறங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1993 இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 65 ஆயிரமாக இருந்த விவாகரத்துகள் 2022 இல் 80 ஆயிரமளவில் இருந்தன. 1995 இல் மக்கள் தீர்ப்பின் மூலம் விவாகரத்தை அனுமதித்த அயர்லாந்து, அதன் பின்னரும் ஐரோப்பாவில் மிகக் குறைந்த விவாகரத்து வீதமுடைய நாடுகளுள் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது.

இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம், அந்நாடுகளில் திருமணம் புரிவோரே குறைந்துவிட்டமையாகும். அது எமக்கு முன்மாதிரியன்று. மற்றைய காரணமோ நாம் பாடம் கற்க வேண்டியது. அங்கு திருமணம் புரிவோர் வயது முதிர்ந்து, ஒருவரையொருவர் அறிந்து, தமது காலில் நின்ற பின்னரே அதில் இறங்குகின்றனர். சிறு வயதிலும் அவசரத்திலும் நிர்ப்பந்தத்திலும் நிகழும் திருமணங்களே எளிதில் முறிகின்றன என்பதே பல நாடுகளின் அனுபவமாகும். அதாவது, மணமுறிவைக் குறைப்பதற்கான இடம் நீதிமன்ற வாசலன்று. திருமணத்தை நிச்சயிக்கும் வீட்டுக் கூடமே அது.

செய்ய வேண்டியவை

அவ்வாறெனில் நாம் செய்யக்கூடியவை எவை? கத்தோலிக்கத் திருச்சபை மணம் புரிய விரும்புவோருக்கு ஆயத்த வகுப்புகளை நடத்தி வருகின்றது. இந்து ஆலயங்களும் மன்றங்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதனைப் பின்பற்றுவதில் தடையேதும் இருக்க முடியாது. வரவு செலவு, மாமியார் வீடு, பிள்ளை வளர்ப்பு, கோபத்தைக் கையாளும் விதம் ஆகியவற்றைப் பற்றி இருவரும் மணத்திற்கு முன்னரே பேசிக்கொள்வது, பத்துப் பொருத்தங்களிலும் மேலான பொருத்தமாகும். சீதனமும் கைக்கூலியும் வாங்கும் திருமணங்களை வாழ்த்தச் செல்லும் பெரியோர், தமது வாழ்த்துக்கு என்ன பொருள் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஊரார் பார்த்துவிடுவார்கள் என்று தயங்குகின்றனர். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்வது போன்றதே இது என்ற எண்ணத்தை ஆசிரியர்களும் மதப் பெரியார்களும் ஊடகங்களும் வளர்க்க வேண்டும். சமாதானம் செய்து வைக்க முற்படுவோரும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மனத்தாங்கலுக்கு மத்தியஸ்தம் பொருந்தும். அடி உதைக்கு அது பொருந்தாது. அங்கு வேண்டியது பாதுகாப்பே.

சட்டத்தைப் பொறுத்தவரை, மனமொத்த பிரிவுக்கு நேரான வழியும், கொடுமை தனிக் காரணமாக ஏற்றுக்கொள்ளப்படுதலும், தாபரிப்பு வழக்குகளின் துரிதமான தீர்ப்பும், காதி நீதிமன்றங்களில் மனைவிக்கும் கணவனுக்கும் சமமான செவிமடுப்பும் தாமதிக்கத்தக்கவையல்ல. பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளைக்குத் தாயும் தந்தையும் உண்டு என்பதை ஒவ்வொரு தீர்ப்பும் உறுதி செய்ய வேண்டும். பிள்ளையைத் தமது சண்டைக்குச் சாட்சியாகவும் ஆயுதமாகவும் பயன்படுத்தும் பெற்றோர், பிரிவிலும் பெரிய தீங்கை அதற்கு இழைக்கின்றனர்.

வழக்குகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டால் குடும்பங்கள் செழித்துவிட்டன என்று நாம் மகிழ்ந்துவிட முடியாது. வாழாவெட்டியென்று பெண்களை மூலையில் அமர்த்தியிருந்த காலத்திலும் வழக்குகள் குறைவாகவே இருந்தன. முறியத் தேவையற்ற மணவாழ்வுகளைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய உதவியைத் தக்க தருணத்தில் வழங்குவதும், முறிந்துபோனவற்றை எவரையும் அவமானப்படுத்தாது நியாயமாக முடித்து வைப்பதும் எமது சமூகங்களின் பொறுப்பாகும். இவ்விரண்டையும் செய்ய முன்வருவோமாயின், மணமுறிவுகள் பெருகுவது குறித்த எமது கவலைக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.